நனைந்த புத்தகத்துக்கு நாலரை ரூபாய்

பெங்களூரில் இருக்கும் என் பேத்தி நான்காம் வகுப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு மார்த்தாண்டம் வந்திருந்தாள். வீட்டில் இருந்தால் நாள் முழுக்க அலைபேசியோடுதான் இருப்பாள் என்று, ஒரு நாள் காலையில் அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த நூலகம் என்று சொல்லவில்லை. அங்கே இருக்கும் நூலகர் நல்ல மனுஷன், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர். அவர் மேல் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

வாசலை ஒட்டிய மேசையில் நம்மைப் போன்ற பெரியவர்கள் நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நீள மேசையில் இளைஞர்கள், எல்லார் கையிலும் தேர்வாணையப் பரீட்சைக்கான கைடு. ஒரு மூலையில் மட்டும் சுவரில் மயிலும் முயலும் வரைந்து ‘சிறுவர் பகுதி’ என்று எழுதியிருந்தது. நான்கு சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள். புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது.

பேத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பாட்டா, இது கடையா? பைசா குடுத்தாத்தான் தொறப்பாங்களா?”

நூலகர் சிரித்துக்கொண்டே சாவியைத் தேடப் போனார். மேசை இழுப்பறையில் இல்லை. ஆணியில் இல்லை. பத்து நிமிடம் கழித்து, பழைய பதிவேடு ஒன்றின் அடியிலிருந்து எடுத்து வந்தார். அதற்குள் பேத்திக்கு ஆர்வம் போய்விட்டது. “வீட்டுக்குப் போவோம் பாட்டா” என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. 1979 முதல் 2012 வரை, 33 வருடம், இந்த மாவட்டத்தின் பல நூலகங்களில் வேலை பார்த்தவன் நான். அப்படி ஒரு பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவனும் நான்தான்.

ஏன் பூட்டினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் பதிவேட்டில் ஏறும். சில வருடங்களுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்க்க ஆள் வருவார்கள். பதிவேட்டில் இருக்கும் எண் அலமாரியில் இல்லை என்றால் அதற்கு நூலகர்தான் பொறுப்பு. என் காலத்து நடைமுறையில், குறைகிற புத்தகத்துக்கு நாங்கள் பணம் கட்ட வேண்டும். ஓய்வு பெறுகிற நேரத்தில் கணக்கு முடியாமல் அலைந்த நூலகர்களை எனக்குத் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் எடுக்கும் தடித்த நாவல் ஒன்று தொலைந்தால் தேடிப் பிடித்துவிடலாம். இருபது பக்கம், முப்பது பக்கம் உள்ள சின்னப் படப் புத்தகம் ஒரு பிள்ளையின் நிக்கர் பைக்குள்ளேயே போய்விடும். கிழியும். கிறுக்கப்படும். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரே பையில் கிடந்து எண்ணெய் ஏறும். மாசக் கடைசியில் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவன் என்ன செய்வான்? பூட்டத்தான் செய்வான். பூட்டிய பீரோவில் இருந்து ஒரு புத்தகமும் குறையாது. சரிபார்க்க வருகிறவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அப்படித் தட்டு கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒரு பையனை நான் இழந்தேன்.

1980களின் நடுவில், நம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். ஓட்டுக் கட்டடம், வாடகைக்கு எடுத்தது. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்துவிடுவான். அவனுடைய அம்மா அண்டியாபீசில் பருப்பு உடைக்கிற வேலை. அப்பா கேரளத்தில் எங்கோ ரப்பர் வெட்டப் போனவர், எப்போதாவது வருவார். அம்மா வேலை முடிந்து அந்த வழியாக வரும்போது இவனைக் கூட்டிக்கொண்டு போவாள். அதுவரைக்கும் இவன் புத்தகம் படிப்பான். நான் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தைக் கொடுப்பேன், முடித்ததும் வாங்கி வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பேன். வீட்டுக்குக் கொடுப்பதில்லை. உறுப்பினராக வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் பெரியவர் கையெழுத்து வேண்டும், முன்பணம் வேண்டும்.

ஒரு நாள் அவன் அம்மா முன்பணத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக வரைந்து வரைந்து போட்ட கையெழுத்து. அண்டிப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பையன் அன்றைக்குப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ஒரு குழந்தைப் புத்தகம், வண்ணப் படம் போட்டது. தலைப்பு இன்று நினைவில்லை. விலை நினைவிருக்கிறது. நாலரை ரூபாய்.

இடவப்பாதி மழைக்காலம். நான்கைந்து நாள் கழித்து அம்மா மட்டும் வந்தாள். முந்தானைக்குள் இருந்து புத்தகத்தை எடுத்தாள்.

“சாரே, எளைய குட்டிக்க கையில இருந்து முற்றத்து வெள்ளத்தில விழுந்து போச்சு. வெயில் இல்ல. அடுப்புக்கிட்ட வச்சு உணக்கினேன். அம்மிக்கல்லு அடியில வச்சு நிமித்தியிருக்கேன். எல்லா பக்கமும் உண்டு, எண்ணிப் பாருங்க சாரே.”

எல்லாப் பக்கமும் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து உலர்த்தியிருக்கிறாள். தாள் அலை அலையாக நெளிந்து, புகை மணத்தோடு இருந்தது. படங்களின் சாயம் கொஞ்சம் கலைந்திருந்தது. படிக்கலாம், தாராளமாகப் படிக்கலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விதியைச் சொன்னேன். புத்தகம் சேதமாகிவிட்டது, விலையைக் கட்ட வேண்டும் என்றேன். அவள் வாதாடவில்லை. “இதுக்க வெல எவ்வளவு சாரே?” என்று கேட்டாள். முன்பணத்தில் கழித்தது போக மீதியை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். ரசீது எழுதிக் கொடுத்தேன். அதில் என் கையெழுத்து மிக அழகாக இருந்திருக்கும்.

பையன் அதற்குப் பிறகு வரவில்லை. சாயங்காலம் அந்த வழியாக அம்மாவும் மகனும் போவதைப் பார்ப்பேன். அவன் ரோட்டின் அந்தப் பக்கமாக நடப்பான். அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவன் என்ன ஆனான் என்று தெரியாது. நன்றாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அது என் ஆறுதலுக்காக நினைப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்கள் கழித்து வேறொரு நூலகத்தில், கழிவு செய்யப்பட்ட புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. சாக்குச் சாக்காகப் போயிற்று. அதில் பாதிக்கு மேல் சிறுவர் புத்தகங்கள். ஒருத்தரும் எடுத்துப் படிக்காமல், பீரோவுக்குள்ளேயே இருந்து, செல்லரித்துப் போனவை. அவற்றுக்கு யாரிடமும் விலை வசூலிக்கவில்லை. படிக்காமல் அழிந்த புத்தகத்துக்குப் பொறுப்பாளி கிடையாது, படித்து நனைந்த புத்தகத்துக்குப் பொறுப்பாளி உண்டு. அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அந்த அண்டியாபீசுப் பெண்ணின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

இதை இப்படி வைக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. நம் நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகத் தொழிலைப் படிக்க லண்டன் போனபோது, குரோய்டன் நகரத்துப் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பயிற்சி பெற்றார். இந்தச் சேயர்ஸ் 1932இல் சிறுவர் நூலகங்களை நடத்துவது பற்றி ஒரு கையேடே எழுதியவர். ஆக, நம் நூலகத் துறைக்கு வழிகாட்டியவரின் வாத்தியார், பிள்ளைகளுக்கு எப்படிப் புத்தகம் கொடுப்பது என்று யோசித்த மனிதர்.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. அதை விளக்கும்போது, பழைய காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டிவைத்திருந்த கதையை அவர் சொல்கிறார். வேலைக்குச் சேருவதற்கு முன் அதை நான் பரீட்சைக்குப் படித்தேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு சங்கிலிக்குப் பதிலாகப் பூட்டு வாங்கினேன்.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்போது எனக்கு இரண்டு வயது. அதற்கு முன் நாம் திருவிதாங்கூர். 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துக் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியபோது, நம் விளவங்கோடும் கல்குளமும் அந்த ராஜ்யத்துக்குள்தான் இருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வாசகசாலையில் தமிழும் மலையாளமும் கலந்துதான் புத்தகங்கள் இருந்தன. அதை நடத்தியவர் சம்பளம் வாங்காத ஒரு தையல்காரர். கடையைச் சாத்திவிட்டு வந்து விளக்குப் போடுவார். பிள்ளைகளை உட்கார வைத்து அம்புலிமாமாவை உரக்கப் படிப்பார். அவரிடம் பதிவேடு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் இன்றும் அந்த வழியின் தொடர்ச்சியைப் பார்க்கலாம். கேரளத்துக் கிரந்தசாலைகளில் ‘பாலவேதி’ என்று பிள்ளைகளுக்கென ஓர் அமைப்பு உண்டு. கதை சொல்வது, வினாடி வினா, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது எல்லாம் அதில் நடக்கும். பணிக்கர் இறந்த ஜூன் 19ஆம் தேதியை வாசிப்பு தினமாக வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். அங்குள்ள நூலகர்களுக்குக் கிடைப்பது சின்னத் தொகை, கட்சிச் சண்டையும் உண்டு. நம் பக்கத்தில் அரசாங்க வேலை, அரசாங்கச் சம்பளம், அரசாங்கமே புத்தகம் வாங்கிக் கொடுக்கிறது. இது பெரிய பலம். ஆனால் அவர்களிடம் ‘இந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு’ என்று கேட்டால் ஒருவரைக் காட்டுவார்கள். நம்மிடம் ‘இந்தப் பீரோவுக்கு யார் பொறுப்பு’ என்று கேட்டால்தான் ஒருவரைக் காட்ட முடியும்.

சின்னப் பிள்ளைகள் நிலைமையாவது பரவாயில்லை, அவர்களுக்குச் சுவரில் ஒரு முயலாவது உண்டு. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு நம் நூலகங்களில் இடமே கிடையாது.

1990களில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தனியாக வர வீட்டில் விடமாட்டார்கள், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். வாசலில் நாளிதழ் படிக்கும் ஆண்களைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அவள் தலை கவிழ்ந்துவிடும். சிறுவர் புத்தகங்கள் அத்தனையையும் படித்து முடித்தாள். “வேற என்ன உண்டு சாரே?” என்று கேட்டாள். பெரியவர்கள் பகுதியில் ஒரு நாவலைக் காட்டி, இதை எடுக்கலாமா என்றாள். “அது பெரியவங்க படிக்கிறது. உனக்குச் சிறுவர் கார்டுதானே மக்களே” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவள் சிறுவர் புத்தகங்களை இரண்டாம் முறை படிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள்.

அவள் நின்ற இடத்திலிருந்து மூன்று அலமாரி தள்ளி ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ இருந்தது. 1964இல் வந்த நாவல். நம் பேச்சு, நம் பனைகள், நம் ஜனங்கள். அதில் வரும் லிஸி, வளர்ந்துவிட்டாள் என்ற ஒரே காரணத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டோடு இருத்தப்படுகிற பெண். அந்த வயதில் அந்தப் பெண் படிக்க வேண்டிய புத்தகம் இந்த உலகத்தில் ஒன்றுதான் என்றால் அது அதுதான். அதை எடுத்து அவள் கையில் கொடுக்க எனக்கு இருபது அடி நடக்க வேண்டியிருந்தது. நான் கார்டின் நிறத்தைப் பார்த்தேன்.

பையன்கள் கதை வேறு. அவர்கள் ராணி காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் அட்லஸுக்கு உள்ளே மறைத்து வைத்துப் படிப்பார்கள். நான் பிடுங்கி வைப்பேன். ஒரு பையன் விடாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறான் என்றால் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாயாவியில் ஆரம்பித்தவன் பிறகு எங்கே போவான் என்பதற்கு நான் வழி காட்டியிருக்க வேண்டும். நான் வாசலைக் காட்டினேன்.

எல்லாமே தப்பாகச் செய்தேன் என்று சொல்லவில்லை. அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் நானும் சாயங்காலம் ஊர் ஊராகப் போனேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த அம்மாமார்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்னச் சின்னப் புத்தகங்களை ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டதைப் பார்த்தேன். புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தது. கிழிந்தால் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

அதன் பிறகு நான் இருந்த இரண்டு நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் கதை நேரம் வைத்தேன். நமக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். கோயிலுக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வந்து கதை படிப்பார். பீரோ கதவைத் திறந்தே வைத்தேன். முதல் மாதம் பத்துப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பாய் போதாமல் போயிற்று. அந்த இரண்டு நூலகங்களிலும் சேர்த்து நான் கைக்காசு போட்டது சில நூறு ரூபாய் இருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல செலவு அது. ஆனால் எனக்கு மாற்றல் வந்ததும் கதை நேரம் நின்றுவிட்டது. பீரோ பூட்டப்பட்டது. புதிதாக வந்தவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் ஏன் கைக்காசு போட வேண்டும்?

இதனால்தான் சொல்கிறேன், நல்ல நூலகர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. கைக்காசு போடாமலே கதவைத் திறந்து வைக்க முடிகிற மாதிரி விதி இருக்க வேண்டும். சிறுவர் புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ நூலகரிடமும் பிள்ளையிடமும் காசு கேட்கக் கூடாது. வாங்கும்போதே, இது இரண்டு மூன்று வருடத்தில் படித்துத் தீர்ந்துவிடும் பண்டம் என்று கணக்கு வைக்க வேண்டும்.

இதைச் சொன்னால் என் பழைய சகா ஒருவர் கோபப்படுகிறார். “அரசாங்கச் சொத்தைப் பாழாக்கச் சொல்லுதியாலே?” என்று கேட்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் இது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடுகிறோம், முட்டையும் கொடுக்கிறோம். வருடக் கடைசியில் சத்துணவு அமைப்பாளரிடம் போய், கொடுத்த முட்டையைத் திருப்பிக் காட்டு என்று யாராவது கேட்கிறார்களா? எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். சாப்பிடாமல் மீந்தால்தான் விசாரணை வரும். சிறுவர் புத்தகத்துக்கும் அதே கணக்கு வைத்தால் என்ன? மூன்று வருடமாகப் புதிது போலவே இருக்கும் புத்தகத்துக்கு விளக்கம் கேளுங்கள். கிழிந்துபோன புத்தகத்துக்கு ஒன்றும் கேட்க வேண்டாம்.

இன்னொரு பேச்சும் உண்டு. இப்போது பிள்ளைகள் எல்லாம் போனில் இருக்கிறார்கள், நூலகத்துக்கு யார் வருவார்கள் என்பார்கள். போன் வருவதற்கு முன்னால் நாம் என்ன வரவேற்றுக் கொட்டினோம்? சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே பெரிய பகுதி வைத்திருக்கிறார்கள். மதுரைக்கு நான் போய்ப் பார்த்தேன். அங்கே ஓடியாடும் பிள்ளைகளின் வீட்டிலும் போன் இருக்கத்தான் செய்யும். பள்ளிக்கூடங்களில் வாசிப்பு இயக்கம் என்று, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள். பிள்ளை வரவில்லை என்பது பொய், நாம் அழைக்கவில்லை. மார்த்தாண்டத்துப் பிள்ளைக்குச் சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் ஓர் அறைக்கு வழியில்லாத பிள்ளைகள், ஒரு அரசாங்க வேலைக்காகக் காலையிலிருந்து இரவு வரை அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகம் அவர்களுக்குச் செய்யும் உதவி சின்னது அல்ல. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்களில் எத்தனை பேர் பத்து வயதில் இந்தக் கட்டடத்துக்குள் வந்திருப்பார்கள்? பதினான்கு வயதில் யார் இவர்களை உள்ளே கூப்பிட்டார்கள்? இருபத்திரண்டு வயதில் வேலைக்காக வந்தவர்கள், வேலை கிடைத்த மறுநாள் நூலகத்தை மறந்துவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை.

சரி, இதற்கு நாம் என்ன செய்ய முடியும்? நாம் என்று நான் சொல்வது, அறுபதைத் தாண்டிய நம்மைத்தான்.

முதலாவது, வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி நாம் கட்டுகிறோம். குழித்துறை நகராட்சிக்குள் இருப்பவர்களும் கட்டுகிறோம், ஊராட்சியில் இருப்பவர்களும் கட்டுகிறோம். ரோட்டில் குழி இருந்தால் கேட்கிறோம், தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்கிறோம். நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க நமக்கு அதே உரிமை உண்டு. ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் நாம்தான் இருக்கிறோம். நாம் கூடினால் கவியரங்கமும் பொன்னாடையும்தான் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் பீரோ சாவியைப் பற்றிப் பேசுவோம். விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதுவோம். நம்மில் மனு எழுதத் தெரியாதவர் யார்?

இரண்டாவது, கொஞ்சம் கசக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நாம் வாசல் மேசையை விட்டுக்கொடுக்க வேண்டும். அன்றைக்கு நாளிதழை டீக்கடையில் படிப்போம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தலை கவிழ்ந்து உள்ளே வந்தது நம்மைத் தாண்டித்தான். நாம் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசை, ஒரு அலமாரி. அதில் பரீட்சைக் கைடு வேண்டாம். காமிக்ஸ் இருக்கட்டும், அறிவியல் இருக்கட்டும், ‘புத்தம் வீடு’ இருக்கட்டும். யார் எந்த கார்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, நம்மில் எத்தனையோ ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். பிள்ளைகளுக்கென்று தமிழில் பாட்டெழுதிய கவிமணி பிறந்த தேரூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டுகளை ராகத்தோடு சொல்லித்தரத் தெரிந்தவர்கள் நம்மோடு முடிந்துபோவார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். முட்டுவலி என்று சொல்லாதீர்கள், கதை சொல்ல முட்டு வேண்டாம்.

நான் ஆரம்பித்துவிட்டேன். பேத்தி ஊருக்குப் போன மறு வாரம் அந்த நூலகருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டேன். “வாங்க சார், ஆனா புக்கு கொறஞ்சா…” என்று இழுத்தார். “கொறஞ்சா என் கணக்கு” என்றேன். இரண்டு ஞாயிறு போய்விட்டது. முதல் வாரம் நான்கு பிள்ளைகள், போன வாரம் ஏழு. அதில் ஒரு பையன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான்.

மழை வருகிற மாதிரி இருந்தது. என் பையில் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, புத்தகத்தை அதில் போட்டுக் கொடுத்தேன். “நனஞ்சாலும் சாரமில்ல மக்களே, படிச்சிட்டுக் கொண்டு வா” என்றேன்.